.308ல பிரைமர் தட்டையா வருது, லோடு ஓவரா போயிருச்சா? பிரஷர் அறிகுறிய எப்படி படிக்கிறது

புதுப்பித்தளை:

வணக்கம் எல்லாருக்கும். வீட்டுலயே தோட்டா லோடு பண்றேன், அதாவது சுட்ட கேஸ்ல (பித்தளை ஓட்டுல) திரும்ப பிரைமர் (பவுடர பத்த வைக்கிற சின்ன கப்), பவுடர், புல்லட் போட்டு. .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன், 22 இன்ச் பேரல், 168 கிரெயின் (சின்ன எடை அளவு) மேட்ச் புல்லட். மேனுவல்ல போட்டிருக்குற ஸ்டார்ட் லோடுல (ஆரம்ப பவுடர் அளவுல) ஆரம்பிச்சு அரை அரை கிரெயினா மேல வந்துட்டு இருக்கேன், இப்ப மேக்ஸிமத்துக்கு இன்னும் ஒரு கிரெயின் கீழதான் நிக்கிறேன். ஆனா சுட்ட கேஸ எடுத்துப் பாத்தா பிரைமர் நல்லா அமுங்கி தட்டையா இருக்கு. புதுசுல ஓரத்துல ஒரு உருண்ட வளைவு இருக்கும்ல, அது கிட்டத்தட்ட காணோம், பாக்கெட் (பிரைமர் உக்கார்ற குழி) ஓரம் வரைக்கும் பரவி நிக்குது. ஃபயரிங் பின் குத்துன குழிய சுத்தி லேசா ஒரு விளிம்பு எழும்பியிருக்கு, நகத்த மேல இழுத்தா தட்டுது. குழி ஓட்டையாகல, கரி எதுவும் கசியல.

கூட சுடுற நண்பர் ஒருத்தர் .308ல பிரைமர் இப்படித்தான் வரும், கண்டுக்காத, மேக்ஸிமம் வரைக்கும் போலாம்னு சொல்றாரு. இன்னொருத்தர் பாத்த உடனே நிறுத்துன்னாரு. ரெண்டு பேருமே அனுபவசாலிங்க, அதான் குழப்பம். எது நிஜமான ஆபத்து எது சாதாரணம்னு எப்படி பிரிச்சுப் பாக்குறது? படம் பாத்து கத்துக்கலாம்னு பாத்தா ஒவ்வொரு படத்துலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு.

அப்புறம் ஒண்ணு, முக்கியமான விஷயமானு தெரியல. கடைசி சில ரவுண்டுல கேஸ் அடியில எழுத்து பொறிச்சிருக்க இடத்துக்கு மேல சின்னதா பளபளன்னு ஒரு தேய்ச்ச மாதிரி தடம் இருக்கு. போல்ட் (தோட்டாவ பின்னாடி அடைச்சுப் பூட்டுற பகுதி) தூக்கும்போது கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு, வெயில் சூடா இருக்கும்னு நெனச்சேன்.


மைக்ரோமீட்டர்:

தம்பி, மொதல்ல அந்த பேட்ச்ல மீதி இருக்குறத சுடாதீங்க. பெட்டிய மூடி மேல ஒரு சீட்டு ஒட்டி தனியா எடுத்து வச்சுருங்க, மத்தத நிதானமா பேசலாம்.

பிரைமர பத்தி விலாவாரியா எழுதிட்டு கடைசியில போற போக்குல ரெண்டு வரி சேத்திருக்கீங்க பாருங்க, எனக்கு கவலை அந்த ரெண்டு வரியிலதான். பிரைமர் விஷயத்துல உங்க நண்பர் சொல்றதுல பாதி சரி. அதோட கப் எவ்வளவு கெட்டின்னு கம்பெனிக்கு கம்பெனி, ஒரே கம்பெனியிலயே மாடலுக்கு மாடல் வித்தியாசம், மெல்லிசான கப் சாதாரண பிரஷர்லயே தட்டையாயிரும், கெட்டியான கப் எல்லை தாண்டியும் ஓரம் உருண்டையாவே நிக்கும். அதனால பிரைமர மட்டும் பாத்து இது இவ்வளவு பிஎஸ்ஐ (பிரஷர் அலகு) வந்திருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. .308க்கு எஸ்ஏஏஎம்ஐ (அமெரிக்க தோட்டா, துப்பாக்கி தர அமைப்பு) வச்சிருக்க எல்லை 62,000 பிஎஸ்ஐ, அந்த அளவுல ஓடுற கேலிபர்ல ஃபேக்டரி தோட்டாவே ஓரளவு தட்டையாத்தான் வரும்.

குழிய சுத்தி எழும்புற விளிம்புக்கும் அதே கதைதான். போல்ட் முகத்துல ஃபயரிங் பின் வர்ற ஓட்டை பின்ன விட கொஞ்சம் பெருசா இருந்தாலே கப் அந்த இடைவெளிக்குள்ள பிதுங்கும், பின்னுக்கு பின்னாடி இருக்குற ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தாலும் பிதுங்கும். உங்க ரைபிள்லயே ஒரு ஃபேக்டரி தோட்டாவ சுட்டு அந்த கேஸ எடுத்து பக்கத்துல வச்சு பாருங்க. அதுலயும் அதே விளிம்பு இருந்தா அது ரைபிளோட குணம். ஃபேக்டரி கேஸ்ல இல்லாம உங்க லோடுல மட்டும் இருந்தா, அதுவும் பவுடர் ஏத்த ஏத்த வளருதுன்னா, அப்ப அது பேசுது. ஆனா கப் நடுவுல ஓட்டை விழுந்துட்டா வேற பேச்சே கெடையாது. சூடான வாயு ஃபயரிங் பின் வழியா பின்னாடி உங்க மூஞ்சிய பாத்து வரும், பின் நுனியும் அரிச்சு குழியாகிப் போகும், அந்த அரிச்ச நுனி அடுத்தடுத்த பிரைமரையும் கிழிக்கும். கண்ணாடி போடாம யாரும் ரைபிள் பின்னாடி உக்காரக்கூடாதுன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றது இதுக்குத்தான்.

இப்ப அந்த பளபளப்பு. போல்ட் முகத்துல எஜெக்டர் பிளஞ்சருக்குன்னு (கேஸ வெளிய தள்ளுற சின்ன கம்பிக்கு) ஒரு ஓட்டை இருக்கும். பிரஷர் அளவு மீறும்போது கேஸ் அடிப்பக்கத்து பித்தளை நசுங்கி அந்த ஓட்டைக்குள்ள பிதுங்குது, நீங்க போல்ட்ட திருப்பும்போது அந்த பிதுங்குன மேட்ட ஓட்டையோட விளிம்பு சீவி விடுது. அந்த சீவுன இடம்தான் உங்களுக்கு பளபளன்னு தெரியுது. லென்ஸ் வச்சு பாருங்க, பக்கத்துல இருக்குற எழுத்துல ஒரு பகுதி மழுங்கியிருக்கும், விரல் நுனியால தடவுனா லேசா ஒரு மேடு தட்டுப்படும். கேஸோட அடிப்பக்கம்தான் இருக்குறதுலயே கெட்டியான பகுதி, அதுவே நசுங்குதுன்னா எல்லைய தொட்டுட்டு நிக்கல, தாண்டியாச்சு. இன்னொண்ணு, பழைய மாசர் மாதிரி தகடு எஜெக்டர் இருக்குற ரைபிள்ல இந்த ஓட்டையே கெடையாது, அதனால அங்க இந்த தடம் வராது, வரலைங்கறதால பத்திரம்னு அர்த்தமில்ல.

விதிவிலக்கும் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். சேம்பர்ல (பேரல்ல தோட்டா உக்கார்ற இடத்துல) எண்ணெய் இருந்தாலோ சைசிங் லூப் (கேஸ அளவுக்கு அமுக்கும்போது தடவுற மசகு) தொடைக்காம விட்டிருந்தாலோ கேஸ் சுவர் சேம்பர பிடிச்சு நிக்காது, மொத்த தள்ளும் போல்ட் முகத்துல வந்து விழும், அப்ப சரியான லோடுல கூட தடம் வரும். எஜெக்டர் ஓட்டை விளிம்பு கூரா இருந்தாலும் வரும். ஆனா தடமும் போல்ட் இறுக்கமும் ஒண்ணா சேந்து வந்தா நான் காரணம் தேடிக்கிட்டு நிக்க மாட்டேன், பிரஷர்னே எடுத்துப்பேன். சேம்பர் எஃகு பிரஷர்ல விரிஞ்சு திரும்ப பழைய அளவுக்கு வந்துரும், பித்தளை ஒரு அளவுக்கு மேல விரிஞ்சுட்டா திரும்பி வராது, வராம சேம்பருக்குள்ள ஆப்பு மாதிரி இறுகிடும், அதத்தான் உங்க கை உணருது. வெயில் சூட்டுல போல்ட் இறுகல.

கொஞ்சம் விவரம் வேணும். கேஸ் எது, முன்னாடி சுட்டதும் இதுவும் ஒரே வகையா? சைசிங் டைய (கேஸ பழைய அளவுக்கு அமுக்குற அச்ச) எப்படி செட் பண்ணிருக்கீங்க? க்ரோனோகிராஃப் (புல்லட் வேகம் அளக்குற கருவி) வச்சீங்களா, என்ன வேகம் வந்துச்சு? புல்லட் ரைஃப்ளிங்க (பேரலுக்குள்ள இருக்குற சுருள் வரிய) தொடுதா? தோட்டா எவ்வளவு நேரம் வெயில்ல கெடந்துச்சு?


லீவர்காரன்:

மைக்ரோமீட்டர் அண்ணன் சொல்றது எல்லாம் சரிதான் ஆனா ஆரம்பத்துலயே இவ்வளவு பயமுறுத்தணுமா. நான் .30-30 லீவர் ஆக்‌ஷனுக்கு ரொம்ப காலமா லோடு பண்றேன், என் வழக்கம் ஒண்ணே ஒண்ணுதான், அறிகுறி வர்ற வரைக்கும் ஏத்து, வந்தா அரை கிரெயின் இறக்கு, அதான் அந்த ரைபிளோட மேக்ஸிமம். புத்தகத்துல இருக்குறது வக்கீலுங்களுக்கு பயந்து குறைச்சு போட்ட நம்பர், என் லீவர்ல பிரைமர் ஒருதடவ கூட தட்டையானதில்ல.


தராசுத்தட்டு:

லீவர்காரன் அண்ணே, உங்க மேல மரியாதை இருக்கு, ஆனா இத படிக்கிற புதுசா வந்தவங்க யாராவது அப்படியே எடுத்துக்கிட்டாங்கன்னா ஆபத்து, அதனால நேராவே எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

.30-30க்கு எஸ்ஏஏஎம்ஐ எல்லை 42,000 பிஎஸ்ஐ. பிரைமர் நல்லா தட்டையாகுறது, எஜெக்டர் தடம், போல்ட் இறுக்கம் இதெல்லாம் பொதுவா தெரிய ஆரம்பிக்கிறதே 65,000, 70,000 பக்கம் போகும்போதுதான், அதுவும் பித்தளையோட கடினத்த பொறுத்து முன்ன பின்ன. அப்ப உங்க லீவர்ல ஒரு அறிகுறி கண்ணுக்கு தெரியறதுக்குள்ள அந்த ஆக்‌ஷன் தாங்குறதுக்குன்னு வச்ச அளவ எவ்வளவு தூரம் தாண்டியிருப்பீங்கன்னு கணக்கு போட்டுப் பாருங்க. .45-70 இன்னும் மோசம், அதுக்கு எல்லை 28,000தான், பழைய ரைபிள் ஒண்ணு உடையற வரைக்கும் பிரைமர் அழகா உருண்டையா சிரிச்சுக்கிட்டு இருக்கும். அந்த மாதிரி ரைபிள்ல கேஸ் எதையும் சொல்லாது, புத்தகம் மட்டும்தான் சொல்லும்.

அதிக பிரஷர் கேலிபர்லயும் இதே பிரச்சனை வேற வடிவத்துல இருக்கு. .30-06க்கு 60,000, .308க்கு 62,000, .270க்கு 65,000. மூணுக்கும் கேஸோட அடிப்பக்கம் ஒரே அளவு, பித்தளையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அதனால 66,000ல ஓடுற .30-06 லோடு ஒண்ணு கேஸ்ல எந்த தடமும் விடாம போகலாம், ஆனா எல்லைக்கு 6,000 மேல ஓடிட்டு இருக்கு. ஒவ்வொரு தடவையும் போல்ட் லக் (போல்ட்ட பூட்டுற பல்), லக் உக்கார்ற இடம், பேரல் தொண்டை (ரைஃப்ளிங் ஆரம்பிக்கிற இடம்) எல்லாம் அந்த பாரத்த வாங்குது. அறிகுறி வர்ற வரைக்கும் ஏத்தி அரை கிரெயின் இறக்குனா நீங்க வந்து நிக்கிற எடம் எல்லைக்கு கீழன்னு என்ன உத்தரவாதம்? பெரும்பாலும் மேலதான் நிப்பீங்க. நாளைக்கு வெயில் கொஞ்சம் ஏறுனா, பவுடர் டப்பா புது லாட்டா (வேற தயாரிப்புத் தொகுதியா) மாறுனா, கழுத்துல கரி படிஞ்சா, நீங்க விட்ட அந்த அரை கிரெயின் காணாம போயிரும்.

புத்தக நம்பர் வக்கீல் நம்பர்னு சொல்றது எனக்கு எப்பவும் வருத்தமா இருக்கும். அவங்க பிரஷர் பேரல்ல டிரான்ஸ்டியூசர் (பிரஷர் உணரி) வச்சு அளந்து போடுறாங்க, நம்ம கிட்ட இருக்குறது கண்ணும் நகமும். ரெண்டு புத்தகத்துல நம்பர் வேற வேறயா இருக்கறதுக்கு காரணம் பயம் இல்ல, அவங்க சோதிச்ச கேஸ், பிரைமர், புல்லட், பவுடர் லாட், பேரல் வேற. பழைய புத்தகத்துல சியுபின்னு செப்பு உருளை நசுங்குறத வச்சு அளந்த கணக்கும் இருக்கும், அத பிஎஸ்ஐயோட நேரா ஒப்பிடவே கூடாது.


லீவர்காரன்:

சரி தம்பி, 42,000 கணக்கு நியாயமா இருக்கு. ஆனா கண்ணால பாத்து தெரிஞ்சுக்க முடியாதுன்னா வீட்ல ஒருத்தன் எத வச்சுத்தான் தெரிஞ்சுக்கிறது, பிரஷர் பேரல் யார்கிட்ட இருக்கு?


தராசுத்தட்டு:

க்ரோனோகிராஃப் அண்ணே. நம்ம கைக்கு எட்டுறதுல அதவிட நல்ல கருவி கெடையாது. வேகம் சும்மா வராது. அதே பவுடர், அதே எடை புல்லட், அதே நீள பேரல்னா, புத்தகத்துல மேக்ஸிமம் லோடுக்கு போட்டிருக்க வேகத்த நீங்க தொட்டுட்டீங்கன்னா அந்த பிரஷரையும் கிட்டத்தட்ட தொட்டுட்டீங்க, தராசு எத்தன கிரெயின்னு காட்டுனாலும் சரி. தாண்டிட்டீங்கன்னா தாண்டிட்டீங்க. பேரல் நீளத்துக்கு மட்டும் கழிச்சுக்கணும், .308 மாதிரி கேலிபர்ல ஒரு இன்ச் குறைஞ்சா தோராயமா செகண்டுக்கு 20லேர்ந்து 25 அடி குறையும்னு வச்சுக்கலாம். புத்தகத்துல என்ன பேரல்ல சோதிச்சாங்கன்னு அந்த பக்கத்துலயே போட்டிருப்பாங்க, பலபேர் அந்த வரிய படிக்கிறதே இல்ல. க்ரோனோகிராஃபே தப்பா காட்டுதானு சந்தேகம் வந்தா நம்பகமான ஃபேக்டரி தோட்டா ஒண்ண சுட்டு சரிபாத்துக்கலாம்.

இன்னொண்ணும் கவனிங்க. ஒவ்வொரு படிக்கும் வேகம் சீரா ஏறிட்டு வரும், திடீர்னு ஒரு படியில எதிர்பாத்தத விட பெருசா குதிச்சாலோ, இல்ல பவுடர் ஏத்தியும் வேகம் ஏறாம தாறுமாறா ஆடுனாலோ அங்க நிறுத்தணும். மேல போகப் போக பிரஷர் நேர்கோட்டுல ஏறாது, கீழ அரை கிரெயினுக்கு ஏறுன பிரஷரும் மேக்ஸிமம் பக்கத்துல அரை கிரெயினுக்கு ஏறுறதும் ஒண்ணு இல்ல.


புதுப்பித்தளை:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். பெட்டிய தனியா வச்சாச்சு. கேட்ட விவரம் எல்லாம் எடுத்துட்டு வந்தேன்.

லென்ஸ் வச்சு பாத்தேன், அண்ணன் சொன்ன மாதிரியேதான் இருக்கு, ஒரு எழுத்தோட கால் பகுதி மழுங்கி அதுக்கு மேல பிறை மாதிரி ஒரு மேடு, விரல்ல தட்டுப்படுது. ஃபேக்டரி கேஸ்ல அந்த தடம் இல்ல. ஆனா குழிய சுத்தி விளிம்பு ஃபேக்டரி கேஸ்லயும் அப்படியே இருக்கு.

கேஸ் மாறியிருக்கு. ஸ்டார்ட் லோடு எல்லாம் சாதாரண கமர்ஷியல் கேஸ்ல பண்ணேன், அது தீந்ததும் மிலிட்டரி 7.62 கேஸ் கொஞ்சம் கெடச்சுது, பிரைமர் கிரிம்ப் (பிரைமர் வெளிய வராம நசுக்கி வச்ச விளிம்பு) எல்லாம் எடுத்துட்டு அதுல தொடர்ந்தேன். இப்ப ரெண்டையும் தராசுல வச்சா பழசு 157 கிரெயின், இது 181 கிரெயின். சைசிங் டை ஷெல் ஹோல்டர (கேஸ அடியில பிடிக்கிற பகுதிய) தொட்டப்புறம் இன்னும் ஒரு கால் சுத்து எறக்கியிருக்கேன், டையோட வந்த பேப்பர்ல அப்படித்தான் இருந்துச்சு. கம்பேரட்டர் (தோள் வரைக்கும் நீளம் அளக்குற கருவி) வச்சு பாத்தா சுட்ட கேஸோட தோளுக்கும் சைஸ் பண்ண கேஸோட தோளுக்கும் 7 தவ் (ஒரு தவ்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வித்தியாசம். புல்லட் ரைஃப்ளிங்க தொடல, 30 தவ் தள்ளி இருக்கு.

க்ரோனோகிராஃப்ல கடைசி ரவுண்டெல்லாம் சராசரி 2,730 அடி. எனக்கு அப்ப சந்தோஷமா இருந்துச்சு. புத்தகத்துல மேக்ஸிமம் லோடுக்கே 24 இன்ச் பேரல்ல 2,680தான் போட்டிருக்கான். தோட்டா பெஞ்ச் மேல வெயில்லதான் இருந்துச்சு, கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி.


மைக்ரோமீட்டர்:

இவ்வளவு விவரத்தோட வந்தா பதில் சொல்றவனுக்கு எவ்வளவு சுலபமா இருக்கு பாருங்க. உங்களுக்கு ஒரு பிரச்சனை இல்ல, ரெண்டு இருக்கு, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணா வந்து நிக்கறதாலதான் குழப்பம்.

பிரைமர் தட்டையானதுல பெரும்பங்கு அந்த 7 தவ்வுக்குத்தான். எப்படின்னா, பின் அடிக்கும்போது கேஸ் முன்னாடி தள்ளப்பட்டு சேம்பர்ல தோள் முட்டுற வரைக்கும் போகுது, நீங்க தோள 7 தவ் பின்னுக்கு தள்ளி வச்சதால அவ்வளவு இடைவெளி பின்பக்கம் விழுது. பவுடர் பத்துனதும் கேஸோட சுவர் சேம்பர கெட்டியா பிடிச்சுக்குது, பிரைமர் மட்டும் பாக்கெட்ட விட்டு பின்னாடி வந்து போல்ட் முகத்துல முட்டி நிக்குது, அந்த நேரம் பாக்கெட்டுக்கு வெளிய நிக்கிற கப் ஓரம் விரியுது. அடுத்து பிரஷர் இன்னும் ஏறும்போது கேஸ் இழுபட்டு அடிப்பக்கம் பின்னாடி வந்து, விரிஞ்ச பிரைமர திரும்ப பாக்கெட்டுக்குள்ள அமுக்குது. வெளிய எடுத்துப் பாத்தா ஆணிக்கொண்ட மாதிரி தட்டையா பரவி இருக்கும். இது சாதாரண பிரஷர்லயே நடக்கும். அதனால டைய மேல ஏத்தி, தோள் 2 தவ் மட்டும் பின்னுக்கு போற மாதிரி செட் பண்ணுங்க. இத சரி பண்ணாம விட்டா பிரைமர விட பெரிய சிக்கல் வேற இருக்கு, ஒவ்வொரு தடவையும் அடிப்பக்கத்துக்கு கொஞ்சம் மேல சுவர் இழுபட்டு மெலியும், வெளிய ஒரு பளிச்சுன்னு வளையம் தெரியும், ஒருநாள் அங்க ரெண்டா பிஞ்சு வரும். ஒரு மெல்லிசு கம்பிய எடுத்து நுனிய லேசா வளைச்சு கேஸ் வாய் வழியா விட்டு சுவர் ஓரமா மேல கீழ இழுத்துப் பாருங்க, அடிப்பக்கத்துல ஒரு பள்ளத்துல கம்பி மாட்டுற மாதிரி தெரிஞ்சா அந்த கேஸ நசுக்கி போட்டுருங்க.

ரெண்டாவதுதான் உண்மையான பிரஷர். வெளிய எல்லா .308 கேஸும் ஒரே சேம்பர்லதான் உக்காரும், அப்ப 24 கிரெயின் அதிக பித்தளை எங்க போகும்? உள்ள. உள்ள இடம் குறைஞ்சா அதே பவுடர் குறைஞ்ச இடத்துல எரியுது, பிரஷர் ஏறுது. எடை ஒரு குறிப்புதான், நிச்சயமா தெரியணும்னா சுட்ட கேஸ்ல பழைய பிரைமர் இருக்கும்போதே வாய் வரைக்கும் தண்ணி ஊத்தி எடை பாருங்க, வெத்து கேஸ் எடைய கழிச்சா ரெண்டுக்கும் கொள்ளளவு வித்தியாசம் கையில கெடச்சுரும். மிலிட்டரி கேஸுக்கு போகும்போது பவுடர குறைச்சு ஸ்டார்ட் பக்கத்துலேர்ந்து திரும்ப ஏத்தணும்னு சொல்றது இதுக்குத்தான்.

தராசுத்தட்டு சொன்ன கணக்க இங்க போடுங்க. 22 இன்ச் பேரலுக்கு கழிச்சா மேக்ஸிமம் லோடே 2,630, 2,640 பக்கம்தான் வந்திருக்கணும். மேக்ஸிமத்துக்கு கீழ இருக்குற லோடுல 2,730 வந்திருக்கு. கிட்டத்தட்ட 100 அடி கூட. கேஸ்ல தடம் வரலைன்னா கூட, பிரைமர் புதுசு மாதிரியே இருந்திருந்தா கூட, இந்த ஒரு நம்பருக்காக நான் நிறுத்தியிருப்பேன். கேஸ் ஒண்ணால மட்டும் இவ்வளவு வேகம் ஏறும்னு எனக்கு தோணல, வெயிலும் பங்கு போட்டிருக்கும், தராசையும் செக் வெயிட் வச்சு ஒருதடவ பாத்துருங்க. பவுடர் டப்பாவையும் எடுத்து பேர முழுசா படிங்க. எச்4895ம் ஐஎம்ஆர் 4895ம் வேற வேற பவுடர், 4350லயும் எச், ஐஎம்ஆர், ஆக்யுரேட்னு மூணு இருக்கு, நம்பர் ஒண்ணா இருக்குன்னு ஒண்ணோட லோட இன்னொண்ணுக்கு எடுக்கக்கூடாது. பெஞ்ச் மேல ஒரு நேரத்துல ஒரு டப்பாதான் இருக்கணும், இதுல நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த கேஸையெல்லாம் திரும்ப பிரைமர் போடும்போது கை அழுத்தத்த கவனிங்க. வழக்கமான எதிர்ப்பே இல்லாம வழுக்கிட்டு உள்ள போனா பாக்கெட் விரிஞ்சிருச்சு, அந்த கேஸ் முடிஞ்சது. என்னை கேட்டா வீட்டுல நாம பாக்குற அறிகுறியில இது ரொம்ப நேர்மையானது, பிரைமர் முகம் மாதிரி ஏமாத்தாது. நல்ல கேஸ் ஒண்ணு ரெண்டு சூட்டுலயே பாக்கெட் தளர்ந்தா லோடு அதிகம், வேற விளக்கம் தேட வேண்டாம். என்ன, அது தெரியறதுக்குள்ள சுட்டு முடிச்சிருப்போம்.


கரிவளையம்:

வெயில் விஷயம் பேசுனதால சொல்றேன். பவுடர் சூடானா வேகமா எரியும், சிலது ரொம்ப, சிலது கம்மியா, வெப்பத்துக்கு அவ்வளவா அசையாதுன்னு விக்கிறதும் இருக்கு ஆனா சுத்தமா அசையாததுன்னு எதுவும் இல்ல. கறுப்பு பெட்டி நேர் வெயில்ல இருந்தா உள்ள தோட்டா காத்த விட ரொம்ப சூடாகும். அதவிட மோசம் தொடர்ந்து சுட்டு சேம்பர் கொதிக்கும்போது அடுத்த தோட்டாவ உள்ள தள்ளி போல்ட்ட மூடிட்டு குறி பாத்துக்கிட்டே உக்காந்திருக்கறது, அதுல பவுடர் வறுபடும். குளிர்ல லோடு ஏத்தி மேக்ஸிமம் கண்டுபிடிச்சவங்க வெயில் காலத்துல அதே லோட ஒருதடவ கவனமா சோதிக்கணும்.

இன்னும் சிலது விட்டுப்போச்சு. கேஸ் நீளம் பாருங்க, .308க்கு மேக்ஸிமம் 2.015 இன்ச், 2.005க்கு ட்ரிம் பண்றது வழக்கம். சுட சுட கழுத்து நீண்டு சேம்பர் முனையில முட்டுச்சுன்னா புல்லட்ட கழுத்து விடாம கவ்விக்கும், பிரஷர் எகிறும், பவுடர் எடையில ஒரு தப்பும் இருக்காது. அதே மாதிரி பேரல் தொண்டையில கழுத்து முடியற இடத்துல கெட்டியா ஒரு கரி வளையம் படியும், சாதாரண பிரஷ்ஷுக்கு போகாது. ரொம்ப நாளா பிரச்சனையில்லாம ஓடுன லோடு திடீர்னு போல்ட் இறுக்க ஆரம்பிச்சா நான் மொதல்ல பாக்குறது அங்கதான். முழு செம்பு புல்லட்டுக்கு மாறுனா அதே எடைக்கு நீளம் அதிகம், கேஸுக்குள்ள இன்னும் ஆழமா உக்காரும், அதுக்குன்னு இருக்க டேட்டாவத்தான் எடுக்கணும். புல்லட்ட ரைஃப்ளிங்ல முட்ட வச்சாலும் பிரஷர் ஏறும். எத மாத்துனாலும், பிரைமர் மட்டும் மாத்துனா கூட, கீழ இறங்கி திரும்ப ஏறணும்.


இரண்டாம்விரல்:

குறுக்க ஒரு கேள்வி. செமி ஆட்டோல இதெல்லாம் எப்படி? போல்ட் இறுக்கம் கையில தெரியாதே. எனக்கு .223ல எஜெக்டர் தடம் லேசா எப்பவும் வருது.


தராசுத்தட்டு:

கஷ்டம்தான், செமி ஆட்டோ தானாவே கேஸ இழுத்துடறதால கை எதையும் உணராது. வாயு அதிகமா வந்து பிரஷர் இன்னும் இறங்காதப்பவே போல்ட் திறக்குற ரைபிள்ல மிதமான லோடுலயும் தடம் வரும், ரிம் வளையும், கேஸ் வழக்கத்த விட முன்னாடி பக்கம் தெறிக்கும். ஃபேக்டரி தோட்டாலயும் அதே தடம் வருதானு பாருங்க, வந்தா வாயு சிஸ்டத்த பாக்கணும். உங்க லோடுல மட்டும் வந்தா லோட குறைங்க. பேரல்ல .223னு இருக்கா 5.56னு இருக்கானும் பாருங்க, 5.56 சேம்பருக்கு தொண்டை நீளம், அதுக்கான லோட .223 சேம்பர்ல போட்டா பிரஷர் கூடும். பிரைமர்லயும் கெட்டி கப் உள்ளதா எடுங்க, மெல்லிசு கப் இங்க வேண்டாம். மத்தபடி க்ரோனோகிராஃப்தான் இங்கயும்.


புதுப்பித்தளை:

தண்ணி ஊத்தி பாத்தேன். மிலிட்டரி கேஸ்ல கமர்ஷியல விட கிட்டத்தட்ட 3 கிரெயின் தண்ணி கம்மியா பிடிக்குது. தராசு சரியா இருக்கு, பவுடர் டப்பாவும் சரிதான். டைய மேல ஏத்தி 2 தவ்வுக்கு கொண்டு வந்துட்டேன். மீதி இருக்குற தோட்டாவ என்ன பண்றது, ஒரு குளிரான நாள் பாத்து மெதுவா சுட்டு காலி பண்ணலாமா? இல்ல பவுடர ரொம்ப குறைச்சு, ஸ்டார்ட் லோடுக்கும் கீழ போய் பத்திரமா ஆரம்பிக்கலாமா?


மைக்ரோமீட்டர்:

சுட வேண்டாம். குளிர்ல வேகம் கொஞ்சம் குறையும், ஆனா கேஸுக்குள்ள இடம் அதிகமாகாது. புல்லட் புல்லர் வச்சு பிரிச்சுருங்க, சுத்தியல் மாதிரி தட்டுற வகையா இருந்தா அதுக்குன்னு உள்ள காலரோட தட்டுங்க, கண்ணாடி போட்டுக்கோங்க. பவுடர் ஒரே டப்பாலேர்ந்து வந்ததுன்னு நிச்சயமா தெரிஞ்சா மட்டும் திரும்ப அதே டப்பாவுக்கு, கொஞ்சமாவது சந்தேகம்னா தூக்கிப் போட்டுருங்க. எஜெக்டர் தடம் விழுந்த கேஸ தனியா பிரிச்சு பாக்கெட் இறுக்கம் பாருங்க, தளர்ந்ததெல்லாம் நசுக்கிடுங்க, யாரும் எடுத்து திரும்ப லோடு பண்ணிடக்கூடாது.

ஸ்டார்ட் லோடுக்கும் கீழ போகாதீங்க, அது பத்திரம்னு தோணும் ஆனா இல்ல. மெதுவா எரியற பவுடர பெரிய கேஸ்ல ரொம்ப கம்மியா போட்டா பத்துறதே ஒழுங்கா பத்தாது, தாமதமா வெடிக்கும், சில சமயம் பிரஷர் எதிர்பாராத விதமா எகிறியிருக்கு. புல்லட் பேரலுக்குள்ள நின்னுட்டா அடுத்த தோட்டாதான் பேரல கிழிக்கும். சத்தம் வித்தியாசமா கேட்டாலோ தள்ளு குறைவா இருந்தாலோ முழுசா அரை நிமிஷமாவது குழல முன்னாடியே நீட்டி வச்சிருந்து, அப்புறம் போல்ட்ட கழட்டி பேரல்ல வெளிச்சம் தெரியுதான்னு பாக்காம அடுத்தத போடவே கூடாது.

மிலிட்டரி கேஸ தனி பேட்ச்சா வச்சு, புத்தக ஸ்டார்ட் லோடுலேர்ந்து 0.3 கிரெயின் படியா ஏத்துங்க, ஒவ்வொரு படியிலயும் வேகத்த எழுதி வைங்க. 2,630 பக்கம் வந்ததும் நில்லுங்க, தராசு என்ன சொன்னாலும் அந்த கேஸுக்கு அதான் உங்க மேக்ஸிமம். மேனுவல்ல இருக்குற பவுடர் எடைய விட ஒண்ணு ரெண்டு கிரெயின் முன்னாடியே அங்க வந்து சேருவீங்க.


லீவர்காரன்:

நானும் க்ரோனோகிராஃப் ஒண்ணு இரவல் வாங்கிட்டு வந்து என் .30-30 லோட சுட்டுப் பாத்தேன். புத்தக மேக்ஸிமத்த விட செகண்டுக்கு 90 அடி கூட வருது, பிரைமர் இன்னமும் உருண்டையாத்தான் இருக்கு. எல்லாத்தையும் பிரிச்சுக்கிட்டு இருக்கேன்.